கோழிக்கூண்டுக்குள் கை விடும் முன்னே

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நம் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

போன கூட்டத்துல கோழிக் கடன் பத்திப் பேசினோம். முடிஞ்சு டீ குடிக்கும்போது நாலைந்து பேர் ஒரே கேள்வி கேட்டீங்க: "கோழி வளர்த்தா பாம்பு வருதே, என்ன பண்றது?" அதனால இன்னிக்கு என்னைப் பேசச் சொல்லிட்டாங்க. எனக்கு இதுல படிப்பு இல்லை. பட்டதைச் சொல்றேன்.

மூணு வருஷம் முந்தி, ஐப்பசி மாசம், மழை விட்ட சாயங்காலம். என் ஓரகத்தி கூண்டுக் கதவைச் சாத்தக் குனிஞ்சா. கூண்டை ஒட்டிக் குருணை மூட்டை இருந்தது. மூட்டைக்கு அடியில எலி. அந்த எலிக்காக வந்து சுருண்டு கிடந்தது கண்ணாடி விரியன். விரல்ல கடிச்சிருச்சு. நான் ஆட்டுக் கயிறை எடுத்து முழங்கைக்கு மேல இறுக்கிக் கட்டினேன். அப்புறம் பச்சிலை கொடுக்கிறவர் வீட்டுக்குப் போனோம். அதுலயே ரெண்டு மணி நேரம் போச்சு. அரசு ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ ஈறுல ரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருந்தது. அங்க கண்ணாடிக் குழாய்ல கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காம வச்சாங்க. உறையலை. உடனே விஷமுறிவு மருந்து ஏத்தினாங்க. சிறுநீரகம் பாதிச்சு டயாலிசிஸ் வரைக்கும் போய்த்தான் பிழைச்சா. இன்னிக்கும் அந்த விரல் மடங்காது. "கயிறு கட்டினா விஷம் நிக்காது, கைதான் கெடும்"னு டாக்டரம்மா சொன்னாங்க. கட்டினது நான்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கோழிக்குஞ்சும் முட்டையும் பாம்புக்கு ஆகாரம்தான். ஆனா அதிகமா இழுத்துட்டு வர்றது எலி. நாம இறைச்ச கம்பும் குருணையும் ராத்திரி கிடந்தா எலி வரும், எலி பின்னாலயே பாம்பு வரும். அதனால கோழி தின்னு மீந்ததைப் பொழுது சாயறதுக்கு முன்னால கூட்டி எடுத்துடுங்க. தீவனத்தை மூடி போட்ட தகர டப்பாவுல வையுங்க, கூண்டுக்கிட்ட வேண்டாம். விறகு, வரட்டி, உடைஞ்ச ஓடு எல்லாம் கூண்டை விட்டுத் தள்ளி இருக்கணும். எலி வளை இருந்தா அடைச்சுடுங்க. முட்டையை வெளிச்சத்திலேயே எடுத்துடுங்க. அடை வச்ச கோழிக்கு 21 நாளும் தினம் பார்க்கணும் இல்லையா, அப்ப டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுத்தான் கை. பஞ்சாரத்தை ஒரு குச்சியால நெம்பித் தூக்குங்க.

கம்பி வலை வாங்குறப்ப கண் அரை அங்குலத்துக்கு மேல இருக்கக் கூடாது. பெரிய கண் வலையில பாம்பு உள்ளே போய்க் குஞ்சை முழுங்கிட்டு, வயிறு உப்பி வெளியே வர முடியாமக் கிடக்கும். காலையில கதவைத் திறக்கிறது யாரு? நாமதான். வலையோட அடிப்பக்கம் ஒரு அடி மண்ணுக்குள்ள போகணும். பழைய மீன் வலையைச் சுத்திக் கட்டாதீங்க, பாம்பு சிக்கிக்கிட்டு ஆக்ரோஷமாயிடும்.

சிறியாநங்கை வச்சா பாம்பு வராதுன்னு சொல்வாங்க. எங்க வீட்டுச் செடிக்கு அடியிலேயே சாரை படுத்திருந்தது! பூச்சிமருந்துக் குருணையைச் சுத்திலும் தூவுறதும் வேண்டாம். பாம்பு சாகுதோ இல்லையோ, அதைக் கொத்தின கோழி செத்துப்போகும். வீட்டுல குழந்தைகளும் இருக்கு.

சாரைக்கு விஷம் கிடையாது, எலியைத் தின்னு நமக்கு உதவுது. உயிருக்கு ஆபத்தானது பெரும்பாலும் நாலு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கட்டு விரியன் ராத்திரி தரையில படுத்திருக்கும்போது கடிக்கும். வலியும் வீக்கமும் பெரிசா இருக்காது. வயித்து வலி, கண் இமை தொங்குறதுன்னு தொடங்கும். அதை வாயுன்னு நினைச்சு விட்டுடாதீங்க. எந்தப் பாம்பையும் அடிக்கப் போக வேண்டாம். 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம். அடிக்கப் போற இடத்துல கடி வாங்குறவங்களும் உண்டு. எட்ட நின்னு தீயணைப்பு நிலையத்துக்கு போன் போடுங்க.

கடிச்சுட்டா வளையல், மோதிரம், மெட்டியைக் கழட்டுங்க. கை, கால் எலும்பு முறிஞ்சா எப்படி அசையாம வைப்போமோ அப்படி வையுங்க. கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கட்டாதீங்க. நடக்க விடாம 108-ஐக் கூப்பிடுங்க. பாம்பைப் பிடிச்சுக் கொண்டு போக வேண்டியதில்லை, அந்த நாலுக்கும் ஒரே மருந்துதான். அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுக்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? வடநெம்மேலியில இருளர் மக்கள் 1978-ல தொடங்கின கூட்டுறவு சங்கம். நம்ம குழு மாதிரி ஒண்ணாச் சேர்ந்தவங்கதான் அவங்களும்.

கடைசியா ஒரு யோசனை. அரை அங்குல வலையை ஆளுக்குக் கொஞ்சம் வாங்கினா விலை கூட. முழுச் சுருளா எடுத்து நாலு வீட்டுக்குப் பிரிச்சுக்கலாம், குழுவிலிருந்து உள்கடன் போட்டுக்கலாம். யார் யாருக்கு எத்தனை அடின்னு அடுத்த கூட்டத்துக்குள்ள அளந்துட்டு வாங்க. ராத்திரி அவசரத்துக்கு வர்ற ஆட்டோக்காரர் நம்பரையும் இன்னிக்கே தீர்மானப் புத்தகத்துல எழுதிடுவோம்.