ஆகாயப் பிரயாணமும் அரைப்படி அரிசியும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது)



இன்று நாம் பேச எண்ணி வந்த விஷயம் வேறு. ஆனால் சற்று முன் இந்த வாசகசாலை வாசலில் ஒரு சிறுவன் நம்மை மறித்துக்கொண்டான். அவன் கையில் ஒரு ட்ரோன். கல்யாண வீடுகளில் தலைக்குமேல் வண்டுபோல் இரைந்துகொண்டு படம் பிடிக்கிறதே, அந்த வகை யந்திரம். நான்கு பழைய மோட்டாரும் சில பிளாஸ்டிக் துண்டுகளும் கொண்டு வீட்டிலேயே செய்ததாம். "ஐயா, இது சந்திரனுக்குப் போகவேண்டுமானால் இதற்கு என்ன தீனி போடவேண்டும்?" என்று கேட்டான். இதையே பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, "உன் அப்பன் வேலையைப் போய்ப் பழகு, சந்திரனை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று பதில் வந்ததாம். வகுப்பே சிரித்ததாம். ஆகவே தோழர்களே, நம் பழைய விஷயம் ஒருபுறம் இருக்கட்டும். இந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் தேடுவோம்.

முதலில் அவன் வைத்திருக்கும் பாட்டரியையே எடுத்துக்கொள்ளுவோம். நல்ல லித்தியம் பாட்டரி ஒரு கிலோவில் அடங்கும் சக்தி சுமார் 9 லட்சம் ஜூல். ஒரு கிலோ எடையை 100 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்க ஒன்பதரை லட்சத்துக்கு மேல் வேண்டும். அதாவது மோட்டார் இல்லை, இறக்கை இல்லை, ஒரு துளி நஷ்டமும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பாட்டரி தன்னைத்தானே தூக்கிக்கொண்டு ஆகாயத்தின் வாசற்படிக்குக்கூடப் போய்ச் சேராது. கீழே விழாமல் பூமியைச் சுற்றுகிற வேகம் வேண்டுமென்றாலோ, கிலோவுக்கு மூன்று கோடி ஜூல் ஆகும். போதாக்குறைக்கு, ட்ரோனின் விசிறி காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே எழும்புகிறது. காற்றே இல்லாத இடத்தில் அது எதைத் தள்ளும்?

நாம் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில், பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "ஒரு எலுமிச்சம்பழம் கட்டி விடுங்கள், தடையில்லாமல் போகும்" என்றார். (சிரிப்பு) சிரிக்கவேண்டாம். எலுமிச்சம்பழத்துக்குச் சக்தி உண்டா என்று பார்க்க வழி இருக்கிறது. ஒரு செப்புத் தகட்டையும் ஒரு துத்தநாகத் தகட்டையும் பழத்தில் செருகினால் ஏறக்குறைய ஒரு வோல்ட் காட்டும். ஆனால் அந்தச் சக்தி பழத்தினுடையதல்ல, கரைகிற துத்தநாகத்தினுடையது. பழத்தின் புளிப்பு அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதுவும் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது. ஒரு கிலோ எடையுள்ள ட்ரோன் அந்தரத்தில் நிற்பதற்கே சுமார் 150 வாட் வேண்டும். ஆகவே ஒன்றரை லட்சம் பழம் கட்டவேண்டும். பழம் ஒன்று 40 கிராம் என்றாலும் மொத்தம் 6,000 கிலோ. அந்த 6,000 கிலோவைத் தூக்க இன்னும் எத்தனை பழம்? அந்தப் பழங்களைத் தூக்க வேறு எத்தனை? முடிவில் ஊறுகாய்தான் மிஞ்சும். (சிரிப்பு)

ஆனால் இந்த ஊறுகாய்க் கணக்கில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. தீனியைச் சுமக்கவே தீனி வேண்டும் என்பதுதான் அது. ராக்கெட்டுக்கும் இதே சங்கடம் உண்டு. அதைச் சூத்திரமாக்கி 1903-ல் வெளியிட்டவர் ருஷ்ய தேசத்து சியோல்கோவ்ஸ்கி. சிறு வயதிலேயே காது மந்தமாகிப் போனவர். அவர் உத்தியோகம் என்ன தெரியுமா? அவரும் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர்தான்!

அடுத்தபடியாக அரிசி. இது வேடிக்கையல்ல. ஒரு கிலோ அரிசியில் சுமார் ஒன்றரைக் கோடி ஜூல் சக்தி இருக்கிறது. அதாவது எடைக்கு எடை பார்த்தால் பாட்டரியைப்போல் 16 மடங்கு. நாம் தினம் வடித்துச் சாப்பிடுவது அவ்வளவு பலமான சரக்கு! ஆனால் அரிசியானாலும் பெட்ரோலானாலும் எரிவதற்குப் பிராணவாயு வேண்டும். பூமியில் அதைக் காற்று இலவசமாகக் கொடுக்கிறது. மேலே கடன் கொடுக்க ஆளில்லை. ஆகவே பிராணவாயுவையும் மூட்டை கட்டிக்கொண்டு போகவேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோவுக்கு மேல், ஒரு கிலோ பெட்ரோலுக்கு சுமார் மூன்றரைக் கிலோ பிராணவாயு செலவாகும்.

இப்படிப் பெட்ரோலையும் திரவமாக்கிய பிராணவாயுவையும் சேர்த்து முதன்முதல் ராக்கெட் விட்டவர் அமெரிக்காவின் கோடார்ட். 1926 மார்ச் 16-ந் தேதி உறவுக்கார அம்மாள் ஒருவரின் பண்ணையில் விட்டார். அது இரண்டரை விநாடி பறந்து, 41 அடி உயரம் போய், முட்டைக்கோசுப் பாத்தியில் விழுந்தது. அவரை உலகம் என்ன செய்தது? 1920-லேயே நியூயார்க் டைம்ஸ் என்னும் பெரிய பத்திரிகை, காற்றில்லாத இடத்தில் ராக்கெட் எதை உதைத்துப் போகும், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுகூட இவருக்குத் தெரியவில்லையே என்று தலையங்கத்தில் பரிகாசம் செய்தது. ராக்கெட்டோ எதையும் உதைக்கத் தேவையில்லை. பரிசலில் நின்றுகொண்டு ஒரு கல்லைப் பின்னால் எறிந்தால் பரிசல் முன்னே நகருகிறதல்லவா? அதுபோல, தான் எரித்த வாயுவைப் பின்னால் எறிந்து தான் முன்னே போகிறது. சந்திரனுக்கு மனிதர்கள் புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17-ந் தேதி, அப்பத்திரிகை தன் தவறை ஒப்புக்கொண்டது. அதற்குள் கோடார்ட் இறந்து ஏறக்குறைய 24 வருஷம் ஆகிவிட்டது.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. பிரெஞ்சுக்காரர் சிரானோ என்பவர் எழுதி 1657-ல் வெளிவந்த கதையில், ஒருவன் பனித்துளி நிரப்பிய புட்டிகளை உடம்பில் கட்டிக்கொண்டு, வெயில் பனியை இழுக்கும்போது தன்னையும் மேலே இழுக்குமென்று கிளம்புகிறான். அது அவனைச் சந்திரனில் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. பின்பு வாணங்கள் கட்டிய யந்திரத்தில் ஏறுகிறான். அது அவனைத் தூக்கிக்கொண்டு போகிறது. வேடிக்கைக்கு எழுதிய வாணமே கடைசியில் மெய்யாயிற்று. வினயமாக எழுதிய தலையங்கம் பொய்யாயிற்று. ஆகவே சிரிப்பும் அத்தாட்சியல்ல. சொன்னவர் பெருமையும் அத்தாட்சியல்ல. கணக்கும் சோதனையுமே அத்தாட்சி.

சரி, அந்தப் பிள்ளையின் ட்ரோனுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. இன்ஜெனுயிட்டி என்ற 1.8 கிலோ எடையுள்ள ட்ரோன் 2021 ஏப்ரல் 19-ந் தேதி செவ்வாய்க் கிரகத்தில் பறந்தது. அங்கே காற்று நம் காற்றில் நூற்றில் ஒரு பங்குதான். ஆகையால் விசிறியை நிமிஷத்துக்கு 2,400 தடவைக்குமேல் சுற்றவிட்டார்கள். ஐந்து தடவை பறந்தால் போதுமென்று அனுப்பியது 72 தடவை பறந்து, விசிறி சேதமாகி, 2024 ஜனவரியில் ஓய்ந்தது. அதற்குத் தீனி சூரிய வெளிச்சம். அதிலும் பெரும்பங்கு இரவுக் குளிரில் உறைந்துபோகாமல் காக்கவே செலவாயிற்று. ஆனால் அது செவ்வாய்க்குப் பறந்து போகவில்லை. ராக்கெட்டில் சவாரி செய்து போயிற்று!

ஆகவே தம்பி! உனக்கு நம் பதில் இதுதான். உன் ட்ரோன் சந்திரனுக்குப் போகாது. அங்கே தள்ளுவதற்குக் காற்றில்லை. காற்றுள்ள வேறு கிரகத்துக்கு ராக்கெட் சுமந்துகொண்டு போனால் அங்கே பறக்கும். உன் கேள்வி தவறானதல்ல. அதற்குக் கணக்கால் பதில் சொல்லாமல் உன் அப்பன் வேலையைக் காட்டினார்களே, அதுதான் தவறு. தோழர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படிக் கேட்டால், தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்து அவனோடு உட்காருங்கள். இந்த வாசகசாலைக்கு நாம் வேண்டுவதும் அதற்கு ஒரு மேஜைதான் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.