காசோடு ஊரையும் எழுதுங்கள்

சித்திரபுரம் பக்கம் பழங்காசு சேர்ப்பவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

1940-களில் திருச்சூர் மாவட்டம் எய்யாலில் ஒரு புதையல் கிடைத்தது. ரோமானியப் பொற்காசு, வெள்ளிக்காசுகளோடு நம் நாட்டு முத்திரைக் காசுகளும் அதில் இருந்தன. இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்ததால் அது ரோமானியரோடு நடந்த மிளகு வணிகத்துக்கு ஒரு சான்றாயிற்று.

ஆகவே காசு கிடைத்த இடம் முக்கியம். காசுகளை முதலில் உலோகவாரியாகவும், பிறகு அரசமரபு வாரியாகவும் பிரியுங்கள். சின்னம் பார்த்து மரபை அறியலாம்: சேரருக்கு வில், பாண்டியருக்கு மீன், சோழருக்குப் புலி. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எடை, விட்டம், கிடைத்த ஊர் மூன்றையும் நோட்டில் குறியுங்கள். புளி போட்டுத் தேய்க்கவே கூடாது, எழுத்து அழிந்துவிடும். மண்ணில் புதையல் கிடைத்தால் அரசிடம் தெரிவியுங்கள். ஊர் தெரியாத காசு பாதி வரலாற்றை இழந்த காசு.