சாக்ஸ் போடச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்

(தலைப்பு: இளம் விளையாட்டு வீரர்களின் குணத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு பெற்றோருக்கா? பயிற்சியாளருக்கா? – ‘பயிற்சியாளருக்கே’ என்ற அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் பாசமிகு பெற்றோர்களே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலை ஒத்தி வச்சிட்டு வந்திருக்கிற தாய்மார்களே! அந்தச் சமையல்ல இருந்து தப்பிச்சு வந்திருக்கிற ஐயாமார்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னாடி பேசின அம்மா கேட்டாங்க: “காலைல நாலரை மணிக்கு எந்திரிச்சு, பாலைக் காய்ச்சிக் குடுத்து, ஸ்கூட்டர்ல மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போறது நாங்கதானே?” உண்மைதாம்மா. கூட்டிட்டுப் போறது நீங்கதான். ஆனா கொண்டுபோய் யார்கிட்ட விடுறீங்க? (கைதட்டல்)

பி.வி. சிந்துவைப் பாருங்க. அப்பா ரமணா, அர்ஜுனா விருது வாங்கின வாலிபால் வீரர். அம்மாவும் வாலிபால்தான். விளையாட்டு ரத்தத்திலேயே இருக்கு. இருந்தும் பெண்ணை ஐதராபாத்தில் புல்லேலா கோபிசந்த் கையில ஒப்படைச்சாங்க. கூச்ச சுபாவமுள்ள அந்தப் பொண்ணை கோர்ட் நடுவுல நிறுத்தி, “வாயைத் திறந்து கத்து”ன்னார் கோபிசந்த். அழுதாங்க. அவர் விடலை. 2016-ல் ரியோ ஒலிம்பிக்ஸுக்கு முன்னால மூணு மாசம் செல்போனையே வாங்கி வச்சிட்டார். வெள்ளிப் பதக்கம் வந்த பிறகுதான் போன் திரும்பி வந்துச்சு. நம்ம வீட்ல மூணு மணி நேரம் வாங்கி வச்சுப் பாருங்க!

நடுவர்: பிள்ளைங்ககிட்டயா, வீட்டுக்காரம்மாகிட்டயா? (பலத்த சிரிப்பு)

ஐயா, நான் இன்னிக்கு ராத்திரி வீட்டுக்குப் போகணும். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இன்னொரு வாத்தியாரைச் சொல்றேன். பேரு ஜான் வுடன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துல, யு.சி.எல்.ஏ.ன்னு சொல்ற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்துப் பயிற்சியாளர். நாடு முழுக்கத் தேடிப் பொறுக்கி எடுத்த பசங்க வந்து நிக்கிறாங்க. அதுல ஒருத்தர், பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார்னு உலகமே அறிஞ்சவர். ஏழடிக்கு மேல உயரம்! முதல் நாள் பயிற்சி. பெரிய பெரிய ரகசியமெல்லாம் சொல்லப் போறார்னு காத்திருக்காங்க. வுடன் வந்தார், உட்கார்ந்தார், “சாக்ஸ் எப்படிப் போடணும்னு சொல்றேன், கவனிங்க”ன்னார்! (சிரிப்பு)

சிரிக்கிறோம். ஆனா அவர் காரணம் சொன்னார். சாக்ஸுல சுருக்கம் இருந்தா கால் கொப்பளிக்கும். கொப்பளிச்சா பயிற்சிக்கு வர முடியாது. வரலைன்னா ஆட்டம் போச்சு. விரல் பக்கம், குதிகால் பக்கம் சுருக்கத்தை நீவி விடு, ஷூ கயிறை ரெண்டு முடிச்சாப் போடு. அவ்வளவுதான் பாடம். அதுக்குள்ள என்ன இருக்கு? சின்ன வேலைன்னு ஒண்ணு கிடையாது, உன் காலுக்கு நீதான் பொறுப்பு, எவ்வளவு பெரிய ஆளானாலும் அடிப்படையில இருந்துதான் ஆரம்பிக்கணும். இந்த மூணையும் ‘ஒழுக்கம்’னு தலைப்புப் போட்டு ஒரு மணி நேரம் பேசியிருந்தா பசங்க தூங்கியிருப்பாங்க. சாக்ஸா சொன்னார், சாகுற வரைக்கும் மறக்கலை! (கைதட்டல்)

எதிரணித் தம்பி சொன்னார், “அடியாத மாடு படியாது”ன்னு. தம்பி, அது மாட்டுக்குச் சொன்னது! வுடன் கிட்ட பில் வால்டன்னு ஒரு பையன். நாட்டிலேயே சிறந்த கல்லூரி வீரர்னு பேர் வாங்கினவர். ஒரு வருஷம் நீளமா முடி வளர்த்துக்கிட்டு வந்து நிக்கிறார். அணியில முடி வெட்டிக்கணும்னு விதி. “முடி என் உரிமை”ன்னார் வால்டன். வுடன் கையை ஓங்கலை, கத்தலை. “உன் கொள்கையில நீ உறுதியா இருக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா நீ இல்லாம எங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும்”ங்கிற மாதிரி அமைதியாச் சொன்னார். அடுத்த நிமிஷம் வால்டன் சைக்கிளை எடுத்துக்கிட்டு முடி வெட்டப் போயிட்டார்! (சிரிப்பு, கைதட்டல்)

நட்சத்திர ஆட்டக்காரனுக்கு ஒரு விதி, மத்தவனுக்கு ஒரு விதின்னு இல்லை. இதை அன்னிக்கு வால்டன் மட்டுமா கத்துக்கிட்டார்? பார்த்துக்கிட்டிருந்த மொத்த அணியும் கத்துக்கிச்சு.

தலைமைப் பண்பு எங்கே வருதுன்னு கேட்டீங்க. வுடன் ஒரு பழக்கம் வச்சிருந்தார். நீ கூடையில பந்தைப் போட்டா, உனக்கு அந்தப் பந்தைக் கொடுத்தவனைப் பார்த்து ஒரு தலையசைப்பு, ஒரு சைகை செய்யணும். ஒரு பையன் கேட்டான், “சார், அவன் என்னைப் பார்க்கலைன்னா?” வுடன் சொன்னார், “கட்டாயம் பார்ப்பான்.” (கைதட்டல்) ஐயா, நம்ம குடும்பத்துலயே இது நடக்கட்டுமே! சாப்பிட்டு எந்திரிக்கும்போது சமைச்சவங்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு. அவங்க பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாங்க! (பலத்த கைதட்டல்)

பிள்ளை ஆடிட்டு வீட்டுக்கு வந்தா நாம முதல்ல என்ன கேக்கறோம்? “ஜெயிச்சியா?” வுடன் ஜெயிக்கிறதைப் பத்திப் பேசவே மாட்டார். உன்னால முடிஞ்சது முழுசையும் செஞ்சியா, அதுதான் வெற்றின்னார். 1948-ல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதல் தேசியப் பட்டம் எப்போ வந்தது தெரியுமா? 1964-ல்! நாமளா இருந்தா ரெண்டாவது வருஷமே வேற கோச் பார்த்திருப்போம். அதுக்கப்புறம் 1975 வரைக்கும் 12 வருஷத்துல 10 பட்டம்!

எதிரணி கேக்கலாம், “வுடனுக்கே குணத்தைக் கொடுத்தது அவங்க அப்பாதானே?” ஆமாங்க, மறைக்கலை. விவசாயி அவர். புலம்பாதே, குறை சொல்லாதே, சாக்கு சொல்லாதேன்னு வளர்த்தார். ஆனா அப்பா ஒரு வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கொடுத்ததை ஊரார் பிள்ளைங்க அத்தனை பேருக்கும் கொடுத்தது பயிற்சியாளர்!

கடைசியா ஒண்ணு. 1947. வுடன் அப்போ இந்தியானா மாநிலத்துல ஒரு ஆசிரியர் கல்லூரி அணிக்குப் பயிற்சியாளர். கான்சாஸ் சிட்டியில நடக்கிற தேசியப் போட்டிக்கு அழைப்பு வருது. ஆனா ஒரு நிபந்தனை: கறுப்பின வீரர்கள் ஆடக் கூடாது. அணியில ஒரே ஒரு கறுப்பினப் பையன், கிளாரன்ஸ் வாக்கர். நட்சத்திர வீரர் இல்லை, பெஞ்சுல உட்கார்ற மாற்று ஆட்டக்காரர். விட்டுட்டுப் போயிருக்கலாம். வுடன் போகலை. அழைப்பையே வேண்டாம்னுட்டார். 1948-ல் அந்தத் தடை நீங்கிச்சு. வாக்கரோடு அணி போச்சு. அந்தப் போட்டியில ஆடின முதல் கறுப்பின வீரர் கிளாரன்ஸ் வாக்கர்! (நீண்ட கைதட்டல்)

இறுதி ஆட்டத்துல அந்த அணி தோத்துடுச்சு. ஆனா ஒருத்தனை வெளியே நிறுத்திட்டுக் கிடைக்கிற கோப்பை நமக்கு வேண்டாம்ங்கிற பாடம் அந்தப் பசங்க மனசுல ஏறிடுச்சே, அதை எந்தப் பாடப் புத்தகம் நடத்தும்?

விசில் ஊதறவங்க எல்லாம் நல்ல வாத்தியார் இல்லை, ஒத்துக்கறேன். பிள்ளைங்களைக் கேவலமாத் திட்டி, பயமுறுத்தி, மனசை உடைக்கிறவங்களும் இருக்காங்க. ஒரு பயிற்சியாளரால ஒரு பிள்ளையை அந்த அளவுக்குக் கெடுக்க முடியும்னா, உருவாக்குற சக்தியும் அவர்கிட்டதானே இருக்கு? அதனால தாய்மார்களே, அடுத்த முறை பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது அலமாரியில எத்தனை கோப்பை இருக்குன்னு எண்ணாதீங்க. பெஞ்சுல உட்கார்ந்திருக்கிற பையன்கிட்ட அந்த வாத்தியார் எப்படிப் பேசறார்னு ஒரு அரை மணி நேரம் நின்னு பாருங்க. அதுலேயே தெரிஞ்சிடும், உங்க பிள்ளை நாளைக்கு எப்படிப்பட்ட மனுஷனா வருவான்னு.

பெத்தவங்க உயிரைக் கொடுத்தீங்க, கும்பிடறோம். அந்த உயிரை நிமிர்ந்து நிக்க வச்சவர் பயிற்சியாளரே, பயிற்சியாளரே என்று தீர்ப்புச் சொல்லுங்கள் எனக் கேட்டு விடைபெறுகிறேன். (கைதட்டல்)