பாட்டியின் பெயர் எந்தப் பதிவேட்டில்?



1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ கப்பல், நவம்பர் 16 அன்று இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அது. 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் 1,52,184 பேர் அங்கே போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. ஆளை அடையாளம் காண நிர்வாகம் எழுதி வைத்த அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டுதான் பேரப்பிள்ளைகள் இன்று பூர்வீக ஊரைத் தேடி வருகிறார்கள்.

பட்டியலில் வட ஆர்க்காடு என்று இருந்தால், வேலூர்ப் பக்கம் மட்டும் தேடினால் போதாது. சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல்தான். அந்தக் கிராமம் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம்.

கப்பலேறிய தம்பிக்குக் கிடைத்த இப்படியொரு வரி, ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. அவருடைய தடம் பத்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

தேடலை வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். பழைய மொய் நோட்டு ஒன்று பரணில் இருக்கும். எந்த ஊர், யார், எவ்வளவு என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். தாய்மாமன் செய்த சீர் அதில் தனியாகத் தெரியும். கொண்டு கொடுத்த ஊர்கள் எவை என்று அதைப் போலச் சொல்லும் ஆவணம் அரசு அலுவலகத்தில் இல்லை. கல்யாணப் பத்திரிகையும், குலதெய்வக் கோயிலுக்குப் பங்காளிகள் வரி கட்டிய கணக்கும் அதற்குத் துணை நிற்கும்.

அடுத்தது பத்திரம். கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவரின் தகப்பன் பெயர் இருக்கும். நான்கெல்லையில் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் இருக்கும். அந்தப் பக்கத்து நிலத்துக்காரர் பெரும்பாலும் பங்காளிதான். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் மைத்துனராக இருக்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் ஒரு தலைமுறையின் ஆண் வாரிசுகள் அத்தனை பேரும் ஒரே தாளில் கிடைத்துவிடுவார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் எந்தப் பத்திரம் எந்த ஆண்டில் பதிவானது என்று தெரியும்.

அதற்கும் முன்னே போக வேண்டியவர்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1858-இல் அமைந்த இனாம் கமிஷன், மானிய நிலம் ஒவ்வொன்றையும் யார் பெற்றார், இப்போது யார் அனுபவிக்கிறார், அவருக்கு இவர் என்ன உறவு என்று விசாரித்துப் பதிந்தது. கோயில் பூசாரி, கிராமக் கணக்கர் ஆகியோரின் முன்னோர்கள் அந்த ஏடுகளில் அகப்படுவார்கள்.

இந்த ஏடுகள் எதுவும் உறவை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. வரிக்காகவும் கூலிக்காகவும் சொத்துக்காகவும் எழுதப்பட்டவை. அதனால்தான் சொத்தில்லாதவர் பெயர் நில ஏட்டில் ஏறவில்லை. பெண்களின் பெயரும் அப்படியே விடுபட்டது. 1989-இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, திருமணமாகாத மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. அதற்கு முந்தைய பாகப்பிரிவினைகள் பலவற்றில் அக்கா தங்கை இருந்ததற்கான அடையாளமே இருக்காது.

பெண்களை வேறு இடத்தில் தேட வேண்டும். மாதா கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தாயின் பெயரும் ஞானத்தாயின் பெயரும் இருக்கும். கப்பல் பட்டியலில் பெண்ணுக்கும் தனி எண் உண்டு. கூலிக்குப் போனவளின் பெயரும் ஊரும் அங்கே நிலைத்திருக்க, நிலமுள்ள வீட்டில் வாழ்ந்தவளின் பெயர் காணாமல் போயிருக்கிறது. இது நாம் சரிசெய்தாக வேண்டிய குறை.

ஆகவே இந்த அவையிடம் ஒரு வேண்டுகோள். வீட்டு மொய் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். மூத்தவர்களிடம் பேசும்போது பாட்டியின் பெயர், அவருடைய அம்மாவின் பெயர், அவர்கள் பிறந்த ஊர் ஆகிய மூன்றையும் முதலில் கேட்டு, கேட்ட தேதியோடு எழுதுங்கள். தாத்தாவின் பெயரைப் பட்டாவிலிருந்து பிறகும் எடுத்துக்கொள்ளலாம்.