பல்லின் கறையும் குடிநீரும்



பெங்களூருக்குக் கிழக்கே கோலார் மாவட்டத்திலும், வடக்கே சிக்கபள்ளாபூர் மாவட்டத்திலும் பல கிராமங்களின் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்துள்ளது. பாறைகளிலிருந்து கரைந்து வரும் உப்பு இது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இது இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல் உருவாகும் பருவமான முதல் எட்டு ஆண்டுகளில் வரம்பு மீறிய நீரைப் பருகும் குழந்தைகளின் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றுகின்றன.

இக்குழந்தைகளைப் பல் துலக்காதவர்கள் என்று பள்ளியில் பழிப்பது அநீதி. கறை எனாமலிலேயே படிந்தது. கரியோ செங்கற்பொடியோ கொண்டு தேய்த்தால் எனாமல்தான் தேயும். நீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு நீங்காது. மாற்று நீரே தீர்வு. அண்டையிலுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கென 2013-இல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்குச் சான்று.

பற்சொத்தை வேறு. இனிப்பை வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக்க, அது பல்லை அரிக்கிறது. இங்கு அளவான ஃபுளோரைடு காவலாகிறது. ஆகவே காலையும் இரவும் பல் துலக்குக. மூன்று வயது வரை அரிசியளவும், ஆறு வயது வரை பட்டாணியளவும் பற்பசை போதும். விழுங்காமல் துப்பப் பழக்குக. ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் மருத்துவரைக் கேட்டே பற்பசையைத் தேர்க.

சிறு சொத்தையை உடனே அடைத்தால் பல் பிழைக்கும். வலி வரும்வரை காத்திருந்தால் வேர்ச்சிகிச்சையோ, பல்லைப் பிடுங்குவதோதான் வழி.

துலக்குவது குடும்பத்தின் கடமை. நல்ல நீர் வழங்குவது நிர்வாகத்தின் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.