மூணு மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு?



தலைப்பு என்ன? கேளிக்கைப் பூங்காவுக்கு ஜனங்களை மறுபடி மறுபடி வரவழைப்பது ஊழியரின் உபசரிப்பா, ஊழியரின் கேலியா? நான் உபசரிப்பே என்று பேச வந்திருக்கிறேன். எங்க வீட்டுக்காரர் கிளம்பும்போதே சொன்னார்: "உனக்கு நல்ல தலைப்பும்மா. வீட்டில் பழக்கமில்லாததை மேடையில் பேசப் போறே." (சிரிப்பு) பாருங்கய்யா, எதிரணிக்கு ஆள் எங்க வீட்டுக்குள்ளேயே இருக்கு.

எதிரணித் தலைவர் அண்ணன் பிரமாதமாகப் பேசினார். டிஸ்னிலாண்டில் 'ஜங்கிள் குரூஸ்' என்று ஒரு படகுச் சவாரி. 1955-ல் பூங்கா திறந்தபோதே வந்தது. முதலில் அதில் சிரிப்பே கிடையாது. காட்டு விலங்குகளைப் பற்றிய பாடம் மாதிரி, ரொம்ப சீரியஸாக வர்ணனை சொல்லிக்கொண்டு போவார்கள். அறுபதுகளில் மார்க் டேவிஸ் என்ற ஓவியர் வந்து வேடிக்கைக் காட்சிகளைச் சேர்த்தார். படகோட்டிகள் கடிஜோக் சொல்ல ஆரம்பித்தார்கள். அருவிக்குப் பின்பக்கமாகப் படகு போகும்போது, 'உலகத்தின் எட்டாவது அதிசயம், தண்ணீரின் முதுகுப்பக்கம்!' என்பார்கள். ஜனம் தலையில் அடித்துக்கொண்டே சிரிக்கும். பிற்காலத்தில் 'டாய் ஸ்டோரி' படத்தை இயக்கிய ஜான் லாசெட்டர் அந்தப் படகில் வேலை பார்த்தவர்தான். சிரிப்பு நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் பத்து வயசில் அதே பூங்காவில் வழிகாட்டிப் புத்தகம் விற்ற பையன். 'ஆக, கேலிதான் சோறு போடுது' என்று அண்ணன் முடித்தார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

ஆனா ஐயா, ஒன்று கவனிச்சீங்களா? அந்தப் படகோட்டி யாரைக் கேலி செய்கிறார்? மோட்டார் வைத்த பொம்மை நீர்யானையை. தன் வேலையை. தன்னையே. ஒரே அருவியை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்க வேண்டியிருக்கு பாருங்க என்று தன் தலைவிதியை. டிக்கெட் வாங்கி ஏறினவரை அவர் தொடுவதில்லை. தொட்டாலும் தட்டிக் கொடுக்கிற மாதிரித்தான் தொடுவார். அது கேலி வேஷம் போட்ட உபசரிப்பு. எங்க அணிக்கு வரவேண்டிய ஆளை அண்ணன் தன் கட்சியில் சேர்த்துவிட்டார். (கைதட்டல்)

அடுத்து எதிரணியில் பேசிய தம்பி யுனிவர்சலுக்குத் தாவினார். டிஸ்னிக்கும் யுனிவர்சலுக்கும் உள்ள போட்டி இருக்கே, அது சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி. கலிபோர்னியாவில் ஆரம்பித்து, புளோரிடாவில் ஒரே ஊருக்கு வந்து, ஜப்பானில் டோக்கியோ பக்கம் ஒருத்தர், ஒசாகாவில் ஒருத்தர் என்று போய்க்கொண்டே இருக்கிறது. 2025-ல்கூட யுனிவர்சல் ஓர்லாண்டோவில் 'எபிக் யூனிவர்ஸ்' என்று இன்னொரு பெரிய பூங்காவைத் திறந்தார்கள். ஒரு வேடிக்கை சொல்கிறேன். படிக்கிற காலத்தில் யுனிவர்சலில் சுற்றிக்காட்டும் வழிகாட்டியாக இருந்த ஒரு பையன், மைக்கேல் ஓவிட்ஸ் என்று பேர், வளர்ந்து பெரிய ஆளாகி 1995-ல் டிஸ்னி கம்பெனியின் இரண்டாவது நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார். ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை, அனுப்பிவிட்டார்கள். சம்பந்தி வீட்டில் எத்தனை நாள் தங்க முடியும்? (சிரிப்பு)

தம்பி சொன்னது மெகாட்ரான் விஷயம். யுனிவர்சலில் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' சவாரி வந்த பிறகு, அந்தப் படத்து வில்லன் ராட்சத இயந்திரம் வாசலில் வந்து நிற்கும். பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கப் போனால், உங்க சட்டையைப் பழிக்கும், உங்க உயரத்தைப் பழிக்கும், 'அற்ப மனிதப் புழுவே' என்கிற தோரணையில் பேசும். அதைக் கேட்கவே வரிசையில் நிற்கிறார்கள். வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறார்கள். 'திட்டு வாங்கக் கூட்டம் கூடுது பார்த்தீங்களா!' என்றார் தம்பி.

தம்பி, நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மெகாட்ரானை அப்படியே தூக்கிக்கொண்டு போய் டிக்கெட் கவுண்டரில் உட்கார வையுங்கள். (பலத்த சிரிப்பு) குழந்தை காணாமல் போனால் போய்ச் சொல்கிற இடத்தில் உட்கார வையுங்கள். கழிவறை எங்கே என்று அவசரமாகக் கேட்கிறவருக்குப் பதில் சொல்ல வையுங்கள். அப்புறம் வரிசை நிற்குமா? திட்டு வேணும் என்று தேடி வந்தவனைத் திட்டினால் அது விளையாட்டு. வழி கேட்டு வந்தவனைத் திட்டினால்?

இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு கேள்வி வருகிறது. புளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம், 1971-ல் திறந்தது. அங்கே பல வருஷங்கள் மத்தியானம் மூணு மணிக்கு ஊர்வலம் நடக்கும். மிக்கி மவுஸெல்லாம் ரதத்தில் வரும். ஊழியரிடம் வந்து ஜனங்கள் அதிகமாகக் கேட்ட கேள்வி எது தெரியுமா? "மூணு மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு?"

(சிரிப்பு)

சிரிச்சீங்க இல்லே? நானும் முதலில் சிரித்தேன். எதிரணிக்காரர் அந்த இடத்தில் நின்றால் என்ன சொல்லுவார்? "ஐயா, மூணு மணி ஊர்வலம் நாலரைக்கு. நாலு மணி ஊர்வலம்தான் மூணுக்கு!" கூட்டம் கைதட்டும். கேட்டவர் மூஞ்சி தொங்கிப்போகும். ஆனால் அங்கே ஊழியருக்கு என்ன கற்றுக் கொடுக்கிறார்கள்? அந்த மனுஷன் கேட்ட கேள்வி அதில்லை. ஊர்வலம் ஒரு முனையில் மூணு மணிக்குக் கிளம்பும். நான் நிற்கிற இந்த இடத்துக்கு எப்போ வரும், பிள்ளைக்கு எங்கே நின்றால் தெரியும், நிழல் எங்கே இருக்கு? அதுதான் கேள்வி. அதனால், "இந்த இடத்துக்கு வர மூணு இருபது ஆகும், அதோ அந்த மரத்தடியில் நில்லுங்க, பாப்பாவுக்கு நல்லாத் தெரியும்" என்று பதில் வரவேண்டும்.

நான் ஏன் இதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், என்னிடம் ஒருத்தர் மூணு மணி ஊர்வலம் கேட்டிருக்கிறார்.

நான் வங்கியில் வேலை பார்த்தவள். எந்த வங்கி என்பது வேண்டாம். மாத முதல் வாரம், பென்ஷன் நாள். வரிசை வாசல் வரைக்கும் நிற்குது. ஒரு பெரியவர், எழுபது இருக்கும், சலவை வேட்டி, கையில் மஞ்சள் பை. கவுண்டருக்கு வந்து கேட்டார்: "அம்மா, இன்னைக்குப் பணம் எடுத்தா இன்னைக்கே எடுத்துக்கலாமாம்மா?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இல்லைங்கய்யா, இன்னைக்கு வாசனை பார்த்துட்டுப் போங்க, நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. பக்கத்துக் கவுண்டரில் சிரிப்பு அடங்கவே இல்லை. அந்தப் பெரியவரும் சிரித்தார். பணத்தை வாங்கி, ரெண்டு தடவை எண்ணி, பைக்குள் வைத்துக்கொண்டு போனார். எனக்கு அன்னைக்குப் பூரா பெருமை, நாம எவ்வளவு கலகலப்பான ஆபீசர் என்று.

சாயங்காலம் எங்க பியூன் வந்து சொன்னார். போன மாசம் அந்தப் பெரியவருக்குக் கை நடுங்கிக் கையெழுத்து மாறிப்போச்சு. சரியில்லை, நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று நாலு நாள் அலைய விட்டிருக்கோம். நாலு நாளும் பஸ்ஸில் வந்து போயிருக்கார். அதனால்தான் கேட்டார், இன்னைக்கு எடுத்தா இன்னைக்கே கொடுத்துடுவீங்களா என்று.

அடுத்த மாசம் அவர் வந்தார். என் கவுண்டரில் நாலு பேர்தான். பக்கத்துக் கவுண்டரில் பதினைந்து பேர். அவர் பதினைந்து பேருக்குப் பின்னால் போய் நின்றார். என்னைப் பார்த்து வணக்கம் மட்டும் வைத்தார்.

(அமைதி)

அதற்கு அப்புறம் நான் கவுண்டரில் ஜோக் அடித்தேனா என்று கேட்டால், அடித்தேன். பிறவிக் குணம் போகுமா? ஆனா என்னை வைத்து அடித்தேன். என் கம்ப்யூட்டரை வைத்து அடித்தேன். அது நீர்யானை பொம்மை மாதிரிதான், கோபித்துக்கொள்ளாது.

எதிரணியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நாள் பூரா சிரித்த முகமாக நிற்பது லேசான வேலையா? ஜான் வான் மானன் என்று ஒரு பேராசிரியர், மாணவனாக இருந்தபோது டிஸ்னிலாண்டில் சவாரி ஓட்டியவர், 1991-ல் ஒரு கட்டுரை எழுதினார். அந்த இடத்துக்கு அவர் வைத்த பேரே 'புன்னகைத் தொழிற்சாலை'. திமிராகப் பேசுகிற வாடிக்கையாளருக்கு ஊழியர் எப்படிப் பழி வாங்குவார் என்று எழுதியிருக்கிறார். சிரித்துக்கொண்டே சீட் பெல்ட்டை மூச்சுத் திணறுகிற மாதிரி ஒரு இழு. ஜோடியாக வந்தவர்களைக் கடைசி நிமிஷத்தில் பிரித்து, ஆளுக்கொரு வண்டியில் ஏற்றிவிடு. அப்புறம் எல்லாரும் பின்கட்டில் கூடிச் சிரிப்பார்கள். நம்ம ஊர் கண்டக்டர் சில்லறை இல்லாதவரை ஸ்டாப்பிங் தாண்டி இறக்கிவிடுவாரே, அதன் அமெரிக்கத் தம்பி இது! (சிரிப்பு)

ஆனால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருது? வயிற்றெரிச்சலில் இருந்து. 1984-ல் டிஸ்னிலாண்ட் ஊழியர் 22 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மிக்கி வேஷம் போட்டு ஆடுகிறவர்கள்கூட 2024-ல் சங்கம் வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்கள். உபசரிக்கிறவனுக்கு உபசரிப்பு இல்லையென்றால் பெல்ட் இறுகத்தான் செய்யும். அதற்கு முதலாளியிடம் கேட்க வேண்டும். வரிசையில் நிற்கிறவர் வயிற்றில் கணக்குத் தீர்க்கக் கூடாது.

டிஸ்னி ஊழியருக்கு ஆதிநாளிலிருந்து நாலு பாடம், அதுவும் வரிசைப்படி. முதலில் பாதுகாப்பு, ரெண்டாவது மரியாதை, அப்புறம்தான் காட்சி, கடைசியில் வேகம். நடுவில் இன்னொன்றைச் சேர்த்து இப்போது ஐந்து. வேடிக்கையெல்லாம் அந்தக் 'காட்சி'க்குள் அடக்கம். மரியாதைக்கு அடுத்த பந்தியில்தான் அதற்கு இலை! நம்ம வள்ளுவரும் விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரமே கொடுத்தார். சிரிக்கச் சொன்ன இடத்தில், உனக்குத் துன்பம் வந்தால் சிரி என்றாரே தவிர, முன்னால் நிற்கிறவன் துன்பத்தைப் பார்த்துச் சிரி என்றாரா?

யுனிவர்சல்காரர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 1990 ஜூன் 7, புளோரிடா பூங்கா திறப்பு விழா. கிங்காங் மக்கர், பூகம்பச் சவாரி மக்கர், சுறா தண்ணீருக்குள் படுத்துக்கொண்டது. 'ஜாஸ்' படம் எடுத்த ஸ்பீல்பெர்க் அங்கேயே இருக்கிறார், சுறா வரமாட்டேன் என்கிறது! ஜனம் கொதித்துப் போச்சு. அப்போது வாசலில் நின்ற ஊழியர் என்ன கொடுத்தார், கடிஜோக்கா? இன்னொரு நாள் வந்து பாருங்க என்று இலவச அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சுறாச் சவாரியைப் பிரித்து மறுபடி கட்டித் திறக்க 1993 ஆகிவிட்டது.

கடைசியாக ஒன்று. டோக்கியோ டிஸ்னிலாண்டில் துப்புரவு ஊழியர் துடைப்பத்தைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் மிக்கி மவுஸ் வரைந்து காட்டுவார்கள். குழந்தைகள் சுற்றி நின்று பார்க்கும். அழகான வேடிக்கை. 2011 மார்ச் 11, மத்தியானம் ரெண்டே முக்கால். பூகம்பம். ரெண்டு பூங்காவிலும் சேர்த்து ஏறக்குறைய 70,000 பேர். வேலையில் இருந்தவர்கள் பெரும்பாலும் பகுதி நேர ஊழியர்கள், சின்ன வயசுப் பிள்ளைகள். கடையில் விற்கிற பொம்மைக் கரடிகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். காசு கேட்கவில்லை. மேலதிகாரியைத் தேடி ஓடவில்லை. "இதைத் தலையில் வைத்துப் பிடிச்சுக்குங்க" என்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ரயில் ஓடவில்லை. இருபதாயிரம் பேர் ராத்திரி அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. கடையில் இருந்த மிட்டாய், குளிருக்குப் போர்த்திக்கொள்ள அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் பை, எது கிடைத்ததோ அதைக் கொடுத்தார்கள்.

நினைத்துப் பாருங்கய்யா. கோட்டு சூட்டு போட்ட பெரிய மனுஷன், தலைமேல் கரடி பொம்மையைக் கவிழ்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். கேலி செய்வதற்கு அதைவிட நல்ல காட்சி கிடைக்குமா? பக்கத்தில் நின்ற பிள்ளைகள் பொம்மை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போனார்கள்.

(மணியோசை)

மணி அடிச்சுட்டீங்க. இன்னும் மூணு நிமிஷம் தருகிறேன் என்று காதில் சொன்னீங்களே ஐயா... அந்த மூணு நிமிஷம் எத்தனை நிமிஷம்?

(பலத்த சிரிப்பு, கைதட்டல்)