காணி வாங்குமுன் கடதாசியைப் பாருங்கள்

(தோட்டப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் நடந்த மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்று போஷாக்கைப் பற்றியோ தடுப்பூசியைப் பற்றியோ பேச வரவில்லை. காணி வாங்குவதைப் பற்றிப் பேசப் போகிறோம். லயத்தை விட்டுச் சொந்த மண்ணில் ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை நம் எல்லாருக்கும் உண்டு. கொழும்பில் உழைக்கும் சில பிள்ளைகள், "ஒரு துண்டு வாங்கிப் போட்டா விலை ஏறினதும் வித்துடலாம்" என்றும் நினைக்கிறார்கள். இரண்டும் நல்ல யோசனைதான். ஆனால் பார்க்காமல் வாங்கினால் உள்ளதும் போய்விடும்.

சில வருடங்களுக்கு முன் நமது டிவிசனில் ஓர் அண்ணன் ஓய்வு பெற்றார். சேமலாப நிதிக் காசு வந்தது. டவுனுக்குப் பக்கத்தில் 10 பேர்ச் காணி பார்த்தார். முத்திரை ஒட்டிய தாளில் எழுதி, காசை எண்ணிக் கொடுத்தார். அந்தத் தாளில் சாட்சிக் கையெழுத்து வைத்தது நாங்கள்தான். உதவி என்று நினைத்து வைத்தோம். பிறகு வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோதுதான், அது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, விற்க முடியாதது என்று தெரிந்தது. விற்றவர் காசைச் செலவழித்துவிட்டார். அந்த அண்ணன் இன்றைக்கும் லயக் காம்பராவில்தான் இருக்கிறார். எங்களைக் கண்டால், "விடுங்க ஐயா" என்பார். எங்களுக்குத்தான் விட முடியவில்லை.

அன்று நாங்கள் கேட்காமல் விட்டதை இன்று சொல்கிறோம்.

முதலாவது, இது யாருடைய காணி? 1840ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் காணி விற்பனை, நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதிக் கையொப்பமிட்ட உறுதியாக இருக்க வேண்டும். கைத்துண்டு செல்லாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி கொடுத்த அளிப்புக் காணி என்றால், ஸ்வர்ணபூமி, ஜயபூமி போன்றவை, பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. லயத்தையும் அதன் தோட்டத் துண்டையும் "எழுதித் தாறேன்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1992இல் கம்பனிகளுக்குக் கொடுத்த தோட்டங்களிலும் மண் அரசாங்கத்துடையது, கம்பனிக்குக் குத்தகைதான்.

இரண்டாவது, காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்க வேண்டும். உறுதியில் குத்தியிருக்கும் பதிவு இலக்கத்தைக் கொண்டுபோய், கட்டணம் கட்டிப் பதிவேட்டைப் பார்க்கலாம். 30 வருடமாவது பின்னோக்கிப் பாருங்கள். யார் யாருக்கு விற்றார், ஈடு வைத்திருக்கிறதா, வழக்கு பதிந்திருக்கிறதா என்று அதில் தெரியும். வாங்கினதும் உங்கள் உறுதியையும் உடனே பதியுங்கள். பிந்தினால், அதே காணியைப் பிறகு வாங்கி முந்திப் பதிந்தவர் பக்கம் சட்டம் நிற்கக்கூடும்.

மூன்றாவது, காணியில் நின்று பாருங்கள். உரிமம் பெற்ற நில அளவையாளரின் படத்தில் உள்ள எல்லைக்கல் நிலத்தில் இருக்கிறதா? வழி இருக்கிறதா? யாராவது குடியிருக்கிறார்களா? பக்கத்து வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். ஆதனவரி நிலுவையையும் வீதி எல்லையையும் பிரதேச சபையில் விசாரியுங்கள்.

நான்காவது, மலை. 2014 அக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க முடியுமா? 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலைநாட்டில் எத்தனை சரிவுகள்! மலிவாகக் கிடைக்கும் சரிவுக் காணி ஏன் மலிவு என்று கேளுங்கள். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. உறுதி பெரும்பாலும் சிங்களத்திலோ இங்கிலீசிலோ இருக்கும். வாசித்து விளங்கப்படுத்துவது நொத்தாரிசின் கடமை; கேட்க வெட்கப்பட வேண்டாம். விற்கிறவர் கூட்டிவந்தவரை மட்டும் நம்பாமல் உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அதற்குப் போகும் காசு வீண் காசல்ல. "இன்னைக்கே அட்வான்ஸ் தாங்க, வேற ஆள் நிக்கிறாங்க" என்று அவசரப்படுத்தினால், வேற ஆளே வாங்கட்டும் என்று வந்துவிடுங்கள்.

கொழுந்து கிள்ளிச் சேர்த்த காசு இது. காசு கொடுக்குமுன் கடதாசியோடு எங்களிடம் வாருங்கள். இந்த முறை சாட்சிக் கையெழுத்து வைக்க மாட்டோம். உங்களோடு காணிக் கந்தோருக்கு வருவோம்.